பட்டியலைப் பக்கம் பிரிக்கும் முன் வரிசையைச் சரி செய்யுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெப் அப்ளிகேஷனில் ஆர்டர்களின் பட்டியல் இருக்கிறது. முன்பு எல்லா ஆர்டர்களையும் ஒரே மூச்சில் எடுத்துத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பதிவுகள் சில லட்சத்தைத் தாண்டியதும் பக்கம் திறக்கவே திணறியது. அதனால் லிமிட் (எத்தனை பதிவுகள் வேண்டும்), ஆஃப்செட் (முன்னால் எத்தனையைத் தாண்ட வேண்டும்) போட்டு 20 பதிவுகள் வீதம் பக்கம் பிரித்தார்கள். இப்போது முதல் சில பக்கங்கள் சட்டென்று வருகின்றன, பின்னால் போகப் போக மெதுவாகிறது. ஒரே ஆர்டர் சில சமயம் இரண்டு பக்கங்களில் வருகிறது, சில ஆர்டர்கள் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை. பக்க எண்களையே வைத்துக்கொள்ளலாமா, கடைசியாகப் பார்த்த பதிவிலிருந்து தொடரும் கர்சர் முறைக்கு மாற வேண்டுமா என்பதுதான் கேள்வி.

கர்சரா, ஆஃப்செட்டா என்பதை முதலில் எடுக்காதீர்கள். பக்கம் பிரிப்பது என்றால் ஒரு வரிசையைத் துண்டு போடுவது, அவ்வளவுதான். அந்த வரிசை உறுதியாக இல்லாவிட்டால் எந்த முறையில் துண்டு போட்டாலும் சில பதிவுகள் இரண்டு துண்டில் விழும், சில எதிலும் விழாது. நான் பார்த்தவரை, ‘பேஜினேஷனில் (பக்கம் பிரிப்பதில்) பக்’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி உண்மையில் வரிசைப்படுத்துவதில் உள்ள ஓட்டைதான்.

உங்கள் குவெரி (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) ஆர்டர்களை உருவான நேரப்படி, புதியது முதலில் என்று அடுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்தோ ஒரு கோப்பை இம்போர்ட் செய்ததில் 300 ஆர்டர்கள் ஒரே நேரத்தோடு, 10:15:30 என்று, பதிவாகிவிட்டன. இந்த 300-க்குள் எது முன்னால், எது பின்னால் என்று நீங்கள் எங்கும் சொல்லவில்லை. டேட்டாபேஸ் தன் வசதிக்கு அடுக்கிக்கொள்ளும், அதற்கு அந்த உரிமை உண்டு. முதல் பக்கத்துக்கான குவெரியும் இரண்டாம் பக்கத்துக்கான குவெரியும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு குவெரிகள். முதல் முறை ஒருவிதமாக அடுக்கியது அடுத்த முறையும் அதேவிதமாகத்தான் அடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ், லிமிட் சின்னதாக இருந்தால் வரிசையின் மேலே வரும் சில பதிவுகளை மட்டும் ஹீப் என்ற அமைப்பில் வைத்துக்கொண்டு வரிசைப்படுத்தும், ஆஃப்செட் பெரிதானால் முழுவதையும் வரிசைப்படுத்தும் வழிக்கு மாறிவிடலாம். நேரம் சமமாக உள்ள பதிவுகள் இந்த இரண்டு வழிகளிலும் ஒரே மாதிரி வரும் என்று சொல்ல முடியாது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் ஆவணமும், சம மதிப்புள்ள பதிவுகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் தருவோம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

தீர்வு மிகச் சின்னது. குவெரியில் வரிசையைச் சொல்லும் ஆர்டர் பை (ORDER BY) பகுதியின் கடைசியில், மதிப்பு திரும்ப வராத ஒரு ஃபீல்டைச் சேருங்கள். பெரும்பாலும் பதிவின் தனி அடையாளமான பிரைமரி கீ (ஐடி) போதும். உருவான நேரம் இறங்குமுகம், அப்புறம் ஐடி இறங்குமுகம். இனி எந்த இரண்டு பதிவுகளை எடுத்தாலும் எது முன்னால் என்பதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு. பெயர், விலை, நிலை என்று பயனர் எந்தத் தலைப்பைக் க்ளிக் செய்து அடுக்கினாலும் கடைசியில் ஐடி ஒட்டிக்கொள்ள வேண்டும். நிலை மாதிரி நான்கைந்து மதிப்புகளே உள்ள ஃபீல்டில் இது இல்லாவிட்டால் பட்டியல் முழுக்கவே சமமான பதிவுகள்தான். இதை ஒவ்வொரு குவெரியிலும் எழுதிக்கொண்டிருக்காமல், பட்டியல்களைத் தரும் பொதுவான ஃபங்ஷனில் ஒரே இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

ஆர்டர் பை-யே இல்லாமல் பக்கம் பிரிக்கும் ப்ரோகிராம் கோடும் (code) நிறையவே இருக்கிறது. டெவலப்பரின் கணினியில் அது ஐடி வரிசையிலேயே வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஒரு பதிவைத் திருத்தினால் பழைய பதிவு இருந்த இடத்திலேயே எழுதாமல் புதிய பிரதி ஒன்றை எழுதும். அது டேபிளில் வேறு இடத்தில் போய் உட்காரலாம். ஒரு ஆர்டரின் முகவரியைத் திருத்திச் சேமித்ததும் அது பட்டியலில் எங்கோ போய்விட்டது என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க் இதற்காகவே ‘அன்ஆர்டர்ட் ஆப்ஜெக்ட் லிஸ்ட் வார்னிங்’ என்று எச்சரிக்கிறது. சர்வரின் குறிப்பேடான லாக்கில் அது தெரிந்தால் கடந்து போகாதீர்கள்.

சரி, வரிசை உறுதியாகிவிட்டது. அப்போதும் பதிவுகள் விட்டுப்போவதும் திரும்ப வருவதும் முழுதாக நிற்காது. காரணம் வேறு: நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் மாறிக்கொண்டிருக்கிறது.

முதல் பக்கத்தில் 120-ஆம் எண் ஆர்டரிலிருந்து 101 வரை காட்டியாகிவிட்டது. அதற்குள் 121, 122, 123 என்று 3 புதிய ஆர்டர்கள் வந்துவிட்டன. இரண்டாம் பக்கத்துக்கு ஆஃப்செட் 20 என்று கேட்கிறீர்கள். இப்போதைய பட்டியலில் முதல் 20 என்பது 123 முதல் 104 வரை. ஆகவே 103-லிருந்து 84 வரை கிடைக்கும். 103, 102, 101 மூன்றையும் பயனர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். இது எரிச்சல்தான், ஆனால் பெரிய நஷ்டம் இல்லை.

எதிர்த்திசையில் நடப்பதுதான் ஆபத்து. பட்டியல் ‘ஒப்புதலுக்குக் காத்திருப்பவை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முதல் பக்கத்திலுள்ள 20-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் கொடுக்கிறார். ஒப்புதல் ஆனவை பட்டியலைவிட்டு வெளியேறுகின்றன. அடுத்து ‘பக்கம் 2’ என்று அழுத்துகிறார். முன்பு இரண்டாம் பக்கத்தில் இருந்த 20-ம் இப்போது முதல் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டன. திரையில் வருவது, முன்பு மூன்றாம் பக்கமாக இருந்தது. நடுவில் 20 விண்ணப்பங்களை யாருமே பார்க்கவில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது.

இதே தவறு பின்னணி வேலைகளில் நுழைந்தால் இன்னும் மோசம். 1,000 பதிவுகள் காத்திருக்கின்றன, 100 வீதம் எடுத்து முடித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆஃப்செட்டை 100 கூட்டுகிற ஸ்க்ரிப்டை நினைத்துப் பாருங்கள். முதல் சுற்றில் 100 முடிகிறது, மீதம் 900. அடுத்து ஆஃப்செட் 100, அதாவது மீதியில் முதல் 100-ஐ விட்டுவிட்டு அடுத்த 100. மீதம் 800, ஆஃப்செட் 200. இப்படியே போனால், மீதம் 500 இருக்கும்போது ஆஃப்செட்டும் 500 ஆகிவிடும். குவெரி வெறுமையாகத் திரும்பும், ‘எல்லாம் முடிந்தது’ என்று ஸ்க்ரிப்ட் நின்றுவிடும். சரிபாதி வேலை நடக்கவே இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. மின்னஞ்சல் அனுப்புவது, பணம் திருப்பிக் கொடுப்பது போன்ற வேலைகளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. பதிவின் நிலையை மாற்றும் எந்த வேலையிலும் ஆஃப்செட்டை வைத்து நடக்கக் கூடாது. கடைசியாக முடித்த ஐடியை நினைவில் வைத்துக்கொண்டு, ‘அதைவிடப் பெரிய ஐடி உள்ளவற்றில் முதல் 100’ என்று கேட்க வேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் கர்சர் முறை. கீசெட் என்றும், சீக் முறை என்றும் சொல்வார்கள். ‘எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும்’ என்று எண்ணாமல், ‘இந்தப் பதிவுக்கு அடுத்தது என்ன’ என்று கேட்பது. மேலே எத்தனை பதிவுகள் புதிதாக வந்தாலும், எத்தனை வெளியேறினாலும், 101-க்கு அடுத்தது 100 என்பதில் மாற்றம் இல்லை.

பின்பக்கங்கள் மெதுவாவதற்கான விடையும் இங்கேயே இருக்கிறது. ஆஃப்செட் 1,00,000 லிமிட் 20 என்றால் டேட்டாபேஸ் நேராக அந்த இடத்துக்குத் தாவுவதில்லை. 1,00,020 பதிவுகளைப் படித்து, முதல் 1,00,000-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு மீதி 20-ஐத் தருகிறது. இண்டெக்ஸ் (முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த தேடல் பட்டியல்) இருந்தால் வரிசைப்படுத்தும் வேலை மிச்சம், ஆனால் கடந்துபோகும் வேலை மிச்சமாகாது. மரம்போல் கிளைத்த பி-ட்ரீ இண்டெக்ஸில் ஒரு மதிப்பைத் தேடி இறங்குவது சுலபம், லட்சமாவது பதிவு எங்கே என்று எண்ணாமல் சொல்வதற்கு அதில் வழி இல்லை. கர்சர் முறை அந்த முதல் திறமையைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் முதல் பக்கமும் ஐயாயிரமாவது பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்.

இப்போது நிபந்தனையை எழுதும் விதம். வரிசை நேரம், ஐடி என்ற இரண்டு ஃபீல்டுகளில் இருப்பதால் ஒப்பிடுவதும் இரண்டையும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் அந்த 10:15:30 கூட்டத்தில் மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் காணாமல் போவார்கள். சரியான நிபந்தனை: நேரம் கடைசிப் பதிவின் நேரத்தைவிடக் குறைவு, அல்லது நேரம் அதே, ஐடி கடைசிப் பதிவின் ஐடியைவிடக் குறைவு. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லிலும் எஸ்க்யூலைட்டிலும் இதை இரண்டு ஃபீல்டுகளையும் ஒரே அடைப்புக்குள் போட்டு, ஜோடியோடு ஜோடியாக ஒப்பிட்டு எழுதலாம், இண்டெக்ஸும் ஒழுங்காக வேலை செய்யும். மைஎஸ்க்யூஎல் அந்த வடிவத்தை ஏற்றுக்கொள்ளும், ஆனால் இண்டெக்ஸைச் சரியாகப் பயன்படுத்தாமல் போகலாம். எஸ்க்யூஎல் சர்வரில் அந்த வடிவமே கிடையாது. இந்த இரண்டிலும் விரித்து எழுதுங்கள், கூடவே ‘நேரம் கடைசி நேரத்துக்குச் சமம் அல்லது குறைவு’ என்பதை முன்னால் தனி நிபந்தனையாகச் சேருங்கள். தர்க்கப்படி அது தேவையில்லைதான். ஆனால் ‘அல்லது’ கலந்த நிபந்தனையைப் பார்த்துக் குழம்பும் ஆப்டிமைசருக்கு (குவெரியை ஓட்டும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) எங்கே தொடங்குவது என்று அது காட்டிக்கொடுக்கும்.

இண்டெக்ஸும் அதே ஜோடியில், அதே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களை மட்டும் காட்டும் திரை என்றால் வாடிக்கையாளர் ஐடி முதலில், அப்புறம் நேரம், அப்புறம் ஐடி. சமமாக இருக்க வேண்டிய ஃபில்டர்கள் முன்னால், வரிசைப்படுத்தும் ஃபீல்டுகள் பின்னால். போட்டு முடித்ததும் குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயினை ஓட்டி, சார்ட் (தனியாக வரிசைப்படுத்துவது) என்ற படி மறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

இனி ஒரு நுணுக்கம், ஏனென்றால் இது கண்ணுக்கே தெரியாமல் தரவைத் தின்றுவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் நேரத்தை மைக்ரோசெகண்ட் வரை வைத்திருக்கும். ஜாவாஸ்க்ரிப்டின் டேட் (Date) வகை மில்லிசெகண்டோடு நின்றுவிடும். கடைசிப் பதிவின் நேரம் 10:15:30.123456. உங்கள் சர்வர் கோடு அதை டேட் ஆக்கி, கர்சரில் 10:15:30.123 என்று எழுதுகிறது. அடுத்த பக்கம் ‘10:15:30.123-ஐவிடக் குறைவு’ என்று கேட்கிறது. 10:15:30.123300 என்ற நேரத்தில் ஒரு ஆர்டர் இருந்தால்? இறங்குமுக வரிசையில் அது அடுத்து வர வேண்டியது, ஆனால் .123-ஐவிடப் பெரியது என்பதால் ஃபில்டரில் அடிபட்டுப்போகும். ஏறுமுகமாக அடுக்கியிருந்தால் எதிர்மாறாக, கடைசிப் பதிவே மறுபடி வரும். போக்குவரத்து குறைவான அப்ளிகேஷனில் இது நடக்கவே நடக்காது, நெரிசல் ஏறியதும் தொடங்கும். வழி எளிது: கர்சருக்குப் போகும் நேரத்தை டேட்டாபேஸிலேயே எழுத்துத்தொடராக மாற்றி முழுத் துல்லியத்தோடு எடுங்கள், நடுவில் எங்கும் டேட் ஆக்காதீர்கள். அல்லது அந்த ஃபீல்டையே மில்லிசெகண்ட் துல்லியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐடியே நேர வரிசையில் ஏறுவதாக இருந்தால் ஐடியை மட்டும் வைத்து அடுக்கிவிடலாம், தலைவலி மிச்சம்.

கர்சர் முறை எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். அடுக்கும் ஃபீல்டில் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத நிலை) இருந்தால் ‘அதைவிடக் குறைவு’ என்ற ஒப்பீடு உண்மை என்றும் வராது, பொய் என்றும் வராது, அந்தப் பதிவுகள் மொத்தமாக விழுந்துவிடும். முடிந்தால் நல் வரவே முடியாத (NOT NULL) ஃபீல்டிலேயே அடுக்குங்கள். கடைசியாகத் திருத்திய நேரப்படி அடுக்கினால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது திருத்தப்படும் பதிவு மேலே தாவிவிடும், கர்சர் ஏற்கெனவே அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். திரையில் இது பரவாயில்லை. ஏற்றுமதிக்கோ, இன்னொரு சிஸ்டத்தோடு ஒத்திசைக்கவோ என்றால் மாறாத ஃபீல்டில் அடுக்குங்கள். அதேபோல் விலை ஏறுமுகம், தேதி இறங்குமுகம் என்று திசை கலந்தால் ஜோடி ஒப்பீடு செல்லாது, ஒவ்வொன்றையும் அதனதன் திசையில் விரித்து எழுத வேண்டும். ‘முந்தைய பக்கம்’ வேண்டுமானால் ஒப்பீட்டையும் வரிசையையும் திருப்பிப் போட்டு எடுத்து, வந்த 20-ஐ மறுபடி கவிழ்த்துக் காட்டுங்கள்.

கர்சரை வெளியே அனுப்பும்போது பேஸ்64 (தரவை எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கி ஒரே எழுத்துத்தொடராகக் கொடுப்பது வழக்கம். ரகசியத்துக்காக இல்லை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே இருப்பதை நம்பி யாரும் கோடு எழுதிவிடக் கூடாது, நாளைக்கு நீங்கள் மாற்றும்போது எதுவும் உடையக் கூடாது என்பதற்காக. எந்த வரிசைக்கு, எந்த ஃபில்டருக்கு உருவான கர்சர் என்பதையும் உள்ளே வைத்தால், விலை வரிசையின் கர்சரோடு தேதி வரிசையைக் கேட்கும் கோரிக்கையைத் தெளிவாக மறுத்துவிடலாம். யாருக்கு எதைக் காட்டலாம் என்ற முடிவை மட்டும் கர்சரை நம்பி எடுக்காதீர்கள், ஒவ்வொரு கோரிக்கையிலும் அனுமதியைப் புதிதாகச் சோதியுங்கள்.

அந்த அனுமதிச் சோதனையை டேட்டாபேஸ் குவெரிக்குள்ளேயே செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 20 பதிவுகளை எடுத்துவிட்டு, பார்க்கக் கூடாதவற்றை அப்ளிகேஷனில் கழித்தால் ஒரு பக்கத்தில் 20, அடுத்ததில் 7, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை என்று வரும். பட்டியல் முடிந்துவிட்டது என்று பயனர் நினைத்துவிடுவார்.

லிமிட் எதை எண்ணுகிறது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். ஆர்டரையும் அதிலுள்ள பொருட்களையும் ஜாயின் செய்து (இரண்டு டேபிள்களை இணைத்து) லிமிட் 20 போட்டால், 20 ஆர்டர்கள் வராது, ஜாயின் செய்த 20 வரிகள் வரும். 5 பொருட்கள் வீதம் இருந்தால் 4 ஆர்டர்கள்தான். ஹைபர்நேட் என்ற ஜாவா லைப்ரரியில் இப்படிச் சேர்த்து எடுக்கச் சொன்னால் அது மொத்தப் பட்டியலையும் நினைவகத்துக்குக் கொண்டுவந்து அங்கே பக்கம் பிரித்துவிட்டு, லாக்கில் ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதும். பக்கம் சரியாக வருகிறது, சர்வரின் நினைவகம் நிரம்புகிறது, காரணம் புரிவதில்லை. முதலில் 20 ஆர்டர்களின் ஐடியை மட்டும் பக்கம் பிரித்து எடுங்கள், அப்புறம் அந்த ஐடிகளுக்கான பொருட்களை இரண்டாவது குவெரியில் எடுங்கள். இரண்டு குவெரிதான், ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் குவெரி ஓடி 21 குவெரி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்செட்டையே வைத்துக்கொண்டு கொஞ்சம் வேகப்படுத்தவும் இதே யோசனை உதவும். உள் குவெரி ஐடியை மட்டும் இண்டெக்ஸிலிருந்து எடுத்து ஆஃப்செட்டைக் கடக்கட்டும், வெளிக் குவெரி அந்த 20 ஐடிகளுக்கு மட்டும் முழுப் பதிவுகளைக் கொண்டுவரட்டும். கடந்துபோகும் பதிவுகளின் எண்ணிக்கை குறையாது, ஒவ்வொன்றையும் கடக்கும் செலவு குறையும்.

மொத்த எண்ணிக்கைக்கு வருவோம். ‘மொத்தம் 4,38,212 ஆர்டர்கள், பக்கம் 3 / 21,911’ என்று காட்டுவதற்காக ஒவ்வொரு முறையும் பதிவுகளை எண்ணும் கவுன்ட் குவெரி ஓடுகிறது. பல அப்ளிகேஷன்களில் பட்டியலைவிட அந்தக் கவுன்ட்தான் அதிக நேரம் எடுக்கிறது, யாரும் அதை அளந்து பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல், இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு முறை) இரண்டிலும் ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் தெரியும் பதிவுகள் வேறுபடலாம் என்பதால் தயார் எண்ணிக்கை ஒன்றை வைத்திருக்க முடியாது, எண்ணித்தான் ஆக வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் வகை டேபிள்கள் எண்ணிக்கையைச் சேமித்து வைத்திருந்தன, அந்தப் பழக்கத்தில் ‘கவுன்ட் இலவசம்’ என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் இதற்கென்றே இருந்த எஸ்க்யூஎல்-கால்க்-ஃபவுண்ட்-ரோஸ் வசதியும் 8.0.17 பதிப்பிலிருந்து கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

பெரும்பாலான திரைகளில் பயனருக்குத் தேவைப்படுவது ‘அடுத்து இன்னும் இருக்கிறதா’ என்பது மட்டும்தான். அதற்கு 20-க்குப் பதிலாக 21 பதிவுகளைக் கேளுங்கள். 21 வந்தால் அடுத்த பக்கம் உண்டு, 21-ஆவதைக் காட்டாமல் விட்டுவிடுங்கள். எண் வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றால், உள் குவெரியில் லிமிட் 10,001 போட்டு எண்ணி, அதைத் தொட்டுவிட்டால் ‘10,000-க்கு மேல்’ என்று காட்டுங்கள். 4,38,212-க்கும் ‘10,000-க்கு மேல்’ என்பதற்கும் நடுவில் பயனரின் முடிவு எதுவும் மாறப்போவதில்லை. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சிஸ்டமும் இயல்பாக 10,000 பதிவுகளுக்கு அப்பால் பக்க எண் முறையில் போக விடாது, அதற்குமேல் வேண்டுமானால் சர்ச் ஆஃப்டர் என்ற கர்சர் வழிக்கு வரச் சொல்கிறது.

நீங்கள் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்கில் இவை பெரும்பாலும் தயாராகவே இருக்கும், எது என்ன செய்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். லாராவெல்லில் பேஜினேட் கவுன்ட் ஓட்டும், சிம்பிள் பேஜினேட் ஓட்டாது, கர்சர் பேஜினேட் கீசெட் முறையில் போகும். ஸ்ப்ரிங் டேட்டாவில் பேஜ் கேட்டால் கவுன்ட், ஸ்லைஸ் கேட்டால் ஒரு பதிவு கூடுதலாக எடுத்துப் பார்ப்பது. ஸ்ப்ரிங்கில் பக்கங்கள் 0-விலிருந்து தொடங்கும், ஜாங்கோவில் 1-லிருந்து. திரைப் பகுதியையும் சர்வர் பகுதியையும் வேறு வேறு அணிகள் எழுதுகிற இடத்தில் இந்த ஒன்று எத்தனையோ முறை முதல் பக்கத்தையே காட்டாமல் விழுங்கியிருக்கிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? திரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சில ஆயிரம் பதிவுகள் உள்ள நிர்வாகப் பட்டியல், ஃபில்டர்கள் இருக்கின்றன, ‘7-ஆம் பக்கத்தில் பார்த்தேன்’ என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார் என்றால் பக்க எண்தான் சரி. கடைசியில் ஐடி சேர்த்த ஆஃப்செட் அங்கே தாராளமாகப் போதும், கர்சர் கட்டுவது வீண் உழைப்பு. செய்தி ஓடை, அரட்டை, லாக், வெளியாட்கள் பயன்படுத்தும் ஏபிஐ (பிற ப்ரோகிராம்கள் தரவு கேட்கும் வழி), ஏற்றுமதி, பின்னணி வேலை என்றால் கர்சர். லட்சக்கணக்கில் பதிவுகள் இருந்தும் பக்க எண் கட்டாயம் வேண்டும் என்றால், ஆழத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். ஐயாயிரமாவது பக்கத்துக்குப் பெரும்பாலும் மனிதர்கள் போவதில்லை, பாட்களும் ஸ்க்ரிப்ட்களும்தான் போகின்றன. மனிதருக்கு அங்கே தேவைப்படுவது தேதி ஃபில்டரும் தேடல் பெட்டியும். உங்கள் ஆர்டர் பட்டியலுக்கு நான் சொல்வது: திரையில் ஆஃப்செட், நல்ல தேதி ஃபில்டர், வரம்பு. ஏற்றுமதிக்கும் பின்னணி வேலைகளுக்கும் கீசெட். ஒப்புதல் திரைக்குப் பக்க எண்ணே வேண்டாம். முடிந்தவை நீங்கியதும் அடுத்த 20-ஐ எப்போதும் மேலிருந்தே எடுத்துக் காட்டுங்கள். பார்த்துவிட்டு முடிவெடுக்காமல் தள்ளி வைக்க நேர்ந்தால் அதற்குத் தனி நிலை ஒன்று கொடுங்கள், இல்லாவிட்டால் அவை மேலேயே அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஏபிஐ என்றால் ஒரு கோரிக்கையில் எத்தனை பதிவுகள் கேட்கலாம் என்பதற்குச் சர்வரில் உச்சவரம்பு கட்டாயம். கிட்ஹப் ஏபிஐ இயல்பாக 30, அதிகபட்சம் 100 என்று வைத்திருப்பது நல்ல முன்மாதிரி. அடுத்த பக்கத்தின் முழு முகவரியையும் பதிலிலேயே கொடுத்துவிடுங்கள். கிட்ஹப் அதை லிங்க் ஹெடரில் தருகிறது, 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8288 என்ற இணையத் தர ஆவணம் அந்த ஹெடரை வரையறுக்கிறது. அப்படிக் கொடுத்தால் பயன்படுத்துபவர் தானாக எண்ணைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார், நீங்களும் பின்னால் ஆஃப்செட்டிலிருந்து கர்சருக்கு யாருக்கும் தெரியாமல் மாறிக்கொள்ளலாம்.

திரைப் பக்கம் செய்ய வேண்டியவை. பக்க எண், ஃபில்டர், வரிசை மூன்றும் முகவரியிலேயே இருக்க வேண்டும். ரிஃப்ரெஷ் செய்தாலும், ஒரு ஆர்டரைத் திறந்து பார்த்துவிட்டு பேக் அழுத்தினாலும், இணைப்பை இன்னொருவருக்கு அனுப்பினாலும் அதே இடம் வர வேண்டும். ஃபில்டரை மாற்றினால் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள், இல்லாவிட்டால் 8 பதிவுகள் மட்டுமே உள்ள தேடலில் 6-ஆம் பக்கம் கேட்டு ‘எதுவும் இல்லை’ என்று காட்டும். கடைசிப் பக்கத்தின் ஒரே பதிவை நீக்கினாலும் இதே வெறுமைதான், முந்தைய பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். முகவரியில் 0, -1, அல்லது எழுத்துகள் வந்தாலும் சர்வர் விழக் கூடாது.

2-ஐ அழுத்திவிட்டு உடனே 3-ஐ அழுத்தினால், 2-க்கான பதில் தாமதமாக வந்து 3-இன் மேல் படிந்துவிடலாம். எண் 3 என்று காட்டும், உள்ளே இருப்பது 2. புதிய கோரிக்கை கிளம்பும்போதே பழையதை பிரவுசரின் அபார்ட் கன்ட்ரோலர் வசதியால் ரத்து செய்துவிடுங்கள். ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ என்ற பெட்டி இந்தப் பக்கத்தின் 20-ஐயா, ஃபில்டருக்குள் வரும் எல்லாவற்றையுமா என்பதை எழுதிக் காட்டுங்கள். நீக்கு பட்டன் பக்கத்திலேயே இருக்கும் இடம் அது. பக்க இணைப்புகளை நாவ் (nav) என்ற ஹெச்டிஎம்எல் எலிமென்டுக்குள் வைத்து, இப்போதிருக்கும் பக்கத்துக்கு ஏரியா-கரன்ட் (aria-current) குறியிட்டால் திரை வாசிப்பான் பயன்படுத்துபவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும். பக்கம் மாறியதும் ஃபோகஸ் பட்டியலின் தலைக்கு வர வேண்டும், கீழேயே நின்றுவிடக் கூடாது.

இன்ஃபினிட் ஸ்க்ரோல் (கீழே போகப் போகத் தானாகவே பதிவுகள் வந்துகொண்டிருப்பது) வேண்டும் என்று யாராவது கேட்டால், வேலை செய்யும் பட்டியல்களுக்கு நான் சம்மதிக்கமாட்டேன். எதையும் தேடாமல் மேய்வதற்கு அது பொருத்தம். ஒன்றைத் தேடி வந்தவருக்கு, திரும்பி வந்தால் இடம் தொலைகிறது, பக்கத்தின் அடியிலுள்ள பகுதி கைக்கு எட்டுவதே இல்லை. ‘மேலும் காட்டு’ பட்டன் நல்ல நடுவழி. கூகுள் தேடலில் வர வேண்டிய பொதுப் பட்டியல் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் சொந்த முகவரியும், சாதாரண இணைப்பாக அடுத்த பக்கத்துக்கு வழியும் இருக்கட்டும். எல்லாப் பக்கங்களின் கனானிக்கலையும் (மூல முகவரி எது என்று சொல்லும் குறி) முதல் பக்கத்துக்குத் திருப்பாதீர்கள், பின்பக்கங்கள் இண்டெக்ஸ் ஆகாமல் போகும். அடுத்த, முந்தைய பக்கங்களைக் காட்டும் ரெல் நெக்ஸ்ட், ப்ரெவ் குறிகளை இண்டெக்ஸ் செய்வதில் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019-இல் சொல்லிவிட்டது.

மாற்றங்களைச் செய்ததும் ஒரு சோதனை எழுதி வையுங்கள். 45 ஆர்டர்களை, எல்லாவற்றுக்கும் ஒரே உருவான நேரம் கொடுத்து, ஏற்றுங்கள். பக்கத்துக்கு 10 வீதம் முதலிலிருந்து கடைசி வரை நடந்து ஐடிகளைச் சேகரியுங்கள். 45 வர வேண்டும், எதுவும் இரண்டு முறை வரக் கூடாது. வழக்கமான சோதனைத் தரவில் ஒவ்வொரு பதிவுக்கும் வேறு வேறு நேரம் இருப்பதால்தான் இந்தப் பிழை சோதனைகளைத் தாண்டிப் போகிறது. அடுத்து, மைக்ரோசெகண்டில் மட்டும் வேறுபடும் நேரங்களை வைத்து அதையே ஓட்டுங்கள். கீசெட் வழிக்கு இன்னொன்று: இரண்டாம் பக்கம் எடுத்ததும் மேலே 3 பதிவுகளைச் சேர்த்து, ஏற்கெனவே கடந்தவற்றில் 2-ஐ நீக்கிவிட்டு, நடையைத் தொடருங்கள். இன்னும் பார்க்காத 25-ம் ஒன்று விடாமல் வந்தால் அந்த ப்ரோகிராமை ஏற்றுமதிக்கும் பின்னணி வேலைகளுக்கும் தரலாம்.